நாலு பேர் சேர்ந்து தூக்குவது எப்படி

அண்ணாச்சி, வருத்தப்படாமல் நீங்கள் ஜன்னலோரம் நகர்ந்து உட்காருகிறீர்களா? இல்லை, எனக்கு வாந்தியெல்லாம் வராது. திருமங்கலம் தாண்டினதும் அந்தப் பக்கமாக ஒரு கண்மாய் வரும். நேற்று வரும்போது பார்த்தேன். பெய்த மழைக்கு நிறைந்து ரோட்டோரம் வரைக்கும் வந்து நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு போகவேண்டாமே என்றுதான்.

அந்த ஃபேனை ஏன் மடியில் வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறீர்கள், கொடுங்கள், மேலே வைத்துவிடுகிறேன். இதெல்லாம் ஒரு கனமா. தூக்குவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை. என் பெயர் மாசானமுத்து. பாளையங்கோட்டையில் நீச்சல் பிள்ளைகளுக்கு உடம்பில் வலு ஏற்றிவிடுகிற கோச். நீச்சல் கோச் இல்லை, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீச்சல் சொல்லிக்கொடுப்பது இம்மாகுலேட் மேடம். நான் கரையில் நிற்கிறவன். தண்டால் எடுக்கவைப்பது, கம்பியில் தொங்கி ஏறவைப்பது, ரப்பர் குழாயை இழுக்கவைப்பது, இவ்வளவுதான் என் எல்லை.

மதுரையில் எங்களுக்குப் போட்டி. இப்போது நடந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். நான்தான் இங்கே இருக்கிறேன். ஸ்டாப்வாட்சுக்குப் பேட்டரி வாங்கிவருகிறேன் என்று மேடத்திடம் சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு, ஆட்டோ பிடித்து மாட்டுத்தாவணி வந்து, இந்த வண்டியில் ஏறிவிட்டேன். செல்லை அணைத்துப் போட்டிருக்கிறேன்.

என் பிள்ளைகள் இன்று ஜெயித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது அண்ணாச்சி.

சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. உங்களிடம் சொல்வதற்கு என்ன, நீங்கள் சாத்தூரில் ஃபேனை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விடுவீர்கள். எனக்கு நீந்தத் தெரியாது. நீந்தத் தெரியாது என்பதுகூட இல்லை, இடுப்பளவு தண்ணீரைப் பார்த்தாலே நாலடி பின்னால் போய்விடுவேன். சின்ன வயதில் எங்கள் சித்தப்பா, பயம் தெளியட்டும் என்று ஆற்றுக்குள் தூக்கிப் போட்டார். சொல்லாமல் கொள்ளாமல், பின்னாலிருந்து. கரையில் எல்லாரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே பச்சையாக இருந்தது. மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை. அவ்வளவுதான், அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவேண்டாம். இன்றைக்கும் நான் சொம்பில்தான் குளிக்கிறேன்.

பாளையங்கோட்டையில் இது ஒரு உயிருக்கும் தெரியாது. அதில் நான் கெட்டிக்காரன்.

முதலில் ஜிம்மில் இருந்தேன், வண்ணார்பேட்டையில். மாவட்ட அளவில் பளுதூக்கி மெடல் வாங்கியிருக்கிறேன். மேடம் ஒருநாள் ஜிம்முக்கே வந்து, "பிள்ளைகளுக்கு வலு சொல்லிக்குடுக்க வாறியா மாசானம்?" என்று கேட்டார்கள். வாறேன் என்றேன். நீந்தத் தெரியுமா என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீச்சல்குளத்து வேலைக்கு வருகிறவனிடம் யார் போய் அதைக் கேட்பார்கள்?

வந்த புதிதில் நான் இரும்பு கேட்டேன். டம்பெல், பெஞ்ச், பிளேட். மேடம் சொன்னார்கள், "இவங்க மூட்ட தூக்கப் போகல மாசானம். தண்ணிக்குள்ள நீளமாப் போகணும். நெஞ்ச மட்டும் ஊதிவிட்டேன்னா தோளு முன்னால வந்து விழுந்திரும். முதுகக் கட்டு." போகப்போகத்தான் எனக்கு அது புரிந்தது. நீந்துகிற பிள்ளை நாள் முழுக்கக் கையை முன்னால் போட்டு இழுத்துக்கொண்டே இருக்கிறது. தோளைப் பின்னால் பிடித்து நிறுத்துகிற தசைக்கு வேலையே இல்லை. அதற்கு நாம்தான் வேலை கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் தோள் தேய்ந்து வலி கண்டுவிடும். ரப்பர் குழாயைக் கொக்கியில் மாட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, வெளியே இழு, மெதுவாக விடு. பார்த்தால் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் பல்லைக் கடிப்பார்கள்.

பெற்றவர்கள் பாடு வேறு. கனம் தூக்கினால் பிள்ளை வளராது, குள்ளமாக நின்றுவிடும் என்று ஒரு அம்மா என் முன்னாலேயே அழுதுவிட்டார்கள். இரும்பே இல்லையம்மா, துடைப்பக் கட்டைதான் என்று எடுத்துக் காட்டினேன். சத்தியமாகத் துடைப்பக் கட்டைதான். குனிந்து தூக்குகிற முறை உடம்பில் போய் உட்காருகிறவரைக்கும் என் பிள்ளைகள் துடைப்பக் கட்டையைத்தான் தூக்கினார்கள். ஹெப்சிபா என்று ஒரு வாண்டு இருக்கிறாள், டீமிலேயே சின்னவள். "சார், நாம நீச்சலுக்கு வந்தமா, பெருக்க வந்தமா?" என்றாள். அன்றிலிருந்து என் பயிற்சிக்கே பெருக்குற கிளாஸ் என்று பெயர்.

ஆனால் வலு ஏறியது அண்ணாச்சி. குதித்துப் பாய்கிற தூரம் கூடியது. தொங்கினால் தாடை கம்பிக்கு மேலே வந்தது. போன வருஷம் கடைசி ரிலேயில் ஒரு கை நீளத்தில் கோப்பை போனது. இந்த வருஷம் அந்த ஒரு கை நீளத்தை நான் செய்து கொடுத்திருக்கிறேன். என் கையால் செய்திருக்கிறேன். அதுதான் இப்போது என் கழுத்துக்கு வந்திருக்கிறது.

எப்படி என்று கேளுங்கள். நீச்சல்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கோப்பை ஜெயித்தால் கோச்சைத் தூக்கித் தண்ணீரில் போடுவார்கள். சட்டை, வாட்ச், செருப்பு, எல்லாவற்றோடும். போன வருஷம் ஜெயித்த டீம் அவர்கள் கோச்சைப் போட்டது. கண்ணாடி போட்ட மனிதர். கண்ணாடி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் மிதந்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள், அவரும் உள்ளே இருந்துகொண்டு கை தட்டினார். நான் கேலரியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வரும்போது மேடம் வேனில் சொன்னார்கள், "அடுத்த வருசம் நம்ம ரெண்டு பேரும்தான் மாசானம். ஆழம் பக்கமாத்தான் போடுவாங்க, அதுதான் கணக்கு." அந்த மதுரைக் குளத்தின் ஆழம் பக்கம் இரண்டு ஆள் ஆழம். ஓரத்தில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். நான் படித்தேன். நேற்றும் படித்தேன்.

வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்கிறீர்கள். எப்படிச் சொல்வது? ஏன் சார் என்று கேட்பார்கள். என்ன சொல்வது? வலு வலு என்று அந்தப் பிள்ளைகளிடம் பேசின வாய் இது. பயந்தால் தசை பூட்டிக்கொள்ளும், மூச்சை விடு, மூச்சை விடு என்று தினமும் கத்தின வாய். நம்பித்தானே செய்கிறார்கள்? இவனுக்கே இவ்வளவு பயம் என்று தெரிந்தால் நாளைக்கு ரப்பரைத் தொடுவார்களா?

இதுவரைக்கும் தெரியாது என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், தெரிந்திருந்தால் மரியாதை இருக்காது இல்லையா? எனக்கு இருக்கிற மரியாதை மேடத்துக்கே கிடையாது. மேடத்தின் மேல் தண்ணீர் அடிப்பார்கள், காலைப் பிடித்து இழுப்பார்கள். என் பக்கத்தில் வரமாட்டார்கள். நான் குளத்து ஓரமாக நடந்தால் முப்பிடாதி ஓடிவந்து தண்ணீர்ப் பக்கமாக நடப்பாள். எப்போதும் தண்ணீர்ப் பக்கம்தான். முப்பிடாதி எங்கள் டீமில் மூத்தவள், ரிலேயில் கடைசி ஆள். பெரியவர்களைத் தரைப்பக்கம் விட்டு நடக்கவேண்டும் என்று யாரோ நல்லபடியாக வளர்த்திருக்கிறார்கள். நான் நிற்கிற இடத்தில் வழுக்காமல் இருக்க ரப்பர் பாய் போட்டுவைப்பார்கள். டீயைக் கையிலேயே கொண்டுவந்து கொடுப்பார்கள், நான் ஈரத்தில் நடக்கவேண்டாமாம். என் காலடியில் எப்போதும் ஒரு மிதவை வளையம் கிடக்கும். எடுத்து ஆணியில் மாட்டுங்கலே என்று சத்தம் போடுவேன். மாட்டுவார்கள். மறுநாள் அங்கேயேதான் கிடக்கும். அது ஒன்றில்தான் ஒழுங்கு கிடையாது.

அகப்படுகிற மாதிரி ஒரே ஒரு தடவை ஆனது. தண்ணீருக்குள்ளேயே வலு ஏற்றுகிற பயிற்சி ஒன்று உண்டு. பிள்ளையின் இடுப்பில் பெல்ட் கட்டி, நீளமான ரப்பர் குழாயின் ஒரு முனையை அதில் மாட்டி, மறு முனையைக் கரையில் பிடித்துக்கொள்வது. பிள்ளை முன்னால் நீந்தும், ரப்பர் பின்னால் இழுக்கும். நான் எப்போதும் தூணில் சுற்றிப் பிடிப்பேன். அன்றைக்கு மழை, தூணருகே ஒழுகியது, கையால் பிடித்தேன். அன்சாரி தண்ணீரில். மேலப்பாளையத்துப் பையன், குறும்பு. விசிலடித்ததும் எருமைக்கன்று மாதிரி முட்டினான். என் கால் வழுக்கி, முழங்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டது. முழங்கால்தான். அதற்கே என்ன செய்தேன் தெரியுமா, பக்கத்தில் நின்ற முப்பிடாதியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஏதோ சத்தமும் வந்தது என்னிடமிருந்து. என்ன சத்தம் என்று எனக்கு நினைவில்லை.

உடனே சமாளித்துவிட்டேன். சுளுக்கு, சுளுக்கு என்று காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஒருத்தர் சிரிக்கவில்லை அண்ணாச்சி. அன்சாரிகூட. அவன் வாப்பா விழுந்தாலும் சிரிக்கிற பையன். அவ்வளவு நம்பிவிட்டார்கள். முப்பிடாதியின் கையில் என் விரல் ஐந்தும் சிவப்பாகப் பதிந்திருந்தது. அவள் சட்டையை இழுத்து அதை மூடிக்கொண்டு, "சுளுக்குதான் சார். எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் பிடிக்கும்" என்றாள். அந்த ரப்பர் பாய் அதற்கு மறுநாளிலிருந்து வந்ததுதான். குழந்தைகள்தானே.

ஒரு நிமிஷம். கண்மாய் வந்துவிட்டதா? நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள், நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். போய்விட்டதா? முழுக்கவா? சரி.

அப்படி மரியாதையாக இருந்த பிள்ளைகள்தான் இந்த மாதம் மாறிவிட்டார்கள். போட்டி நெருங்க நெருங்க. நான் போனால் பேச்சு நிற்கிறது. ஒருநாள் அன்சாரி வந்து, "சார், நீங்க எத்தன கிலோ இருப்பிய?" என்றான். எதற்குலே என்றேன். "சும்மாதான் சார். பொது அறிவு." தொண்ணூற்று நாலு என்றேன். அவன் திரும்பிப்போய் மற்றவர்களிடம் சொல்கிறான், எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டார்கள். கனம் அதிகம் என்று.

இன்னொரு நாள் ஹெப்சிபா. நான் பாட்டுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டு நிற்கிறேன், பின்னாலிருந்து என் நெஞ்சைச் சுற்றி டேப்பைப் போட்டாள். அவள் அம்மா தையல்காரர். என்ன பிள்ளை என்றால், "ஆம்பிளயாளு நெஞ்சு எவ்வளவு வரும்னு அம்மா பாக்கச் சொன்னாவ சார்" என்கிறாள். ஒரு அம்மா அப்படிச் சொல்லி அனுப்புவார்களா? டேப் பத்தவில்லை. "எம்மாடி" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. உயிரோடு இருக்கிறவனை நிற்கவைத்தே சவப்பெட்டிக்கு அளவு எடுத்தால் எப்படி இருக்கும்?

அதுகூடப் பரவாயில்லை. முப்பிடாதி கேட்டாளே ஒரு கேள்வி. "சார், கனமான ஆள நாலு பேரு சேந்து தூக்கணும்னா எப்படி சார் தூக்கணும்? அவுகளுக்கும் வலிக்கக்கூடாது, நமக்கும் முதுகு பிடிச்சிக்கிடக்கூடாது." நல்ல கேள்வி என்று நினைத்துவிட்டேன். எனக்குத் தெரிந்ததைக் கேட்டால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். கீழே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு பேர் அக்குளுக்குக் கீழே, இரண்டு பேர் தொடைக்குக் கீழே. முதுகை வளைக்காதே. இடுப்பிலிருந்து எழு. ஒரே மூச்சில், ஒரே குரலில். தலை தொங்காமல் ஒருத்தர் பார்த்துக்கொள்ளவேண்டும். அன்சாரியைப் படுக்கவைத்துத் தூக்கிப் பழகினார்கள். பிறகு அன்சாரி, "நான் பத்தாது சார், நீங்க படுங்க" என்றான். படுத்தேன் அண்ணாச்சி. நானே படுத்துக் கொடுத்தேன். தூக்கினார்கள். தொண்ணூற்று நாலு கிலோவை நாலு பிள்ளைகள் பூ மாதிரி தூக்கினார்கள். நான் அந்தரத்தில் கிடந்துகொண்டு, சபாஷ், முழங்கை உள்ளே, சபாஷ் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்குப் போய் சட்டையைக் கழற்றும்போதுதான் தோன்றியது, எதற்குக் கேட்டார்கள் என்று.

பிறகு கண்ணாலேயே பார்த்தேன். பயிற்சி முடிந்து சாமான் அறையில் ரப்பரெல்லாம் எண்ணிவைத்துக்கொண்டிருந்தேன். நான் போய்விட்டேன் என்று நினைத்துவிட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், ரப்பர் பாய் இரண்டைச் சுருட்டி, உள்ளே மெடிசின் பால், அந்தக் கனமான பந்து, அதை வைத்துக் கட்டி, அதற்கு என் பழைய ஜெர்சியை மாட்டியிருக்கிறார்கள். பச்சை ஜெர்சி, முதுகில் கோச் என்று போட்டது. அதைத் தூக்கினார்கள். முதுகு வளையாமல், இடுப்பிலிருந்து, நான் சொன்ன அதே மாதிரி. ஒன்று, இரண்டு, மூன்று. போட்டார்கள். அது உள்ளே போனது. அது உள்ளே போகும்போது ஒரு சத்தம் வந்தது, டுபுக்கென்று. என் காதுக்குள்ளேயே இருக்கிறது.

அதோடு நிற்கவில்லை. நாலு பேரும் பின்னாலேயே குதித்தார்கள். எதற்கு என்கிறீர்களா, மேலே ஏறி அமுக்குவதற்குத்தான் இருக்கும். இல்லை, அமுக்கவில்லை. அதைத் திருப்பி, தலைப்பக்கம் மேலே வருகிறமாதிரி வைத்து, முப்பிடாதி கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்துக்கொண்டு, மற்றவர்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, படிவரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கூட்டிக்கொண்டு என்ன, இழுத்துக்கொண்டு. திரும்பவும் கொண்டுபோய்ப் போடுவதற்காகத்தான். ஏனென்றால் திரும்பவும் போட்டார்கள். இருட்டுகிறவரைக்கும் அதையே செய்தார்கள். ஹெப்சிபா கரையில் நின்று, "மூஞ்சி, மூஞ்சி, மூஞ்சில தண்ணி படுது பாரு, மூச்சு முட்டும்லா" என்று கத்திக்கொண்டே இருந்தாள். அந்தச் சின்ன வாண்டுக்கு எவ்வளவு ஆங்காரம் பாருங்கள்.

நான் பின்பக்க வழியாகப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் கிடையாது. பயிற்சியைக் குறைத்துப் பார்த்தேன். இன்றைக்கு ஓய்வு, இன்றைக்கும் ஓய்வு என்றேன். மேடம் பார்த்துவிட்டு, "கரெக்ட் மாசானம், போட்டிக்கு முன்னால உடம்ப ஆறவிடணும், நல்லா படிச்சிருக்க" என்றார்கள். ஆறவிட்டதில் இன்னும் வேகம் கூடிவிட்டது. நேற்றும் இன்று காலையிலும் தொட்டதெல்லாம் மெடல். முப்பிடாதி வந்தாளே பாருங்கள், கடைசி நீளத்தில், நான் கட்டின முதுகு அது, தண்ணீரைப் பிளந்துகொண்டு... எழுந்து நின்று கத்திவிட்டேன். கத்தினபிறகுதான் என்ன கத்துகிறோம் என்று உட்கார்ந்தேன். இனி ரிலே ஒன்றுதான் பாக்கி. நாலரைக்கு. அதில் முதலாவதாக வந்துவிட்டால் கோப்பை.

இன்று காலையில் இட்லி சாப்பிடும்போது முப்பிடாதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மெதுவாகச் சொன்னாள். "சாயங்காலம் எங்கயும் போயிராதிய சார். நாங்க பாத்துக்கிடுதோம்."

எப்படிச் சொன்னாள் தெரியுமா? என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். நாங்க பாத்துக்கிடுதோம். எத்தனை சண்டைக்காரர்கள் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தச் சட்னியோடு எழுந்து கை கழுவப் போனவன்தான், காலைப் போட்டிகள் முடிந்ததும் பேட்டரி என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

விருதுநகர் வந்துவிட்டதா? பத்து நிமிஷம் நிற்கும் என்கிறார் கண்டக்டர். நீங்கள் இறங்கவில்லையே? இருங்கள், பேச்சிலேயே உங்களைப் பட்டினி போட்டுவிட்டேன். பையில் கடலைமிட்டாய் வைத்திருக்கிறேன், பிள்ளைகளுக்கு என்று வாங்கினது. இனி யாருக்குக் கொடுக்கப்போகிறேன், நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

பை ஏன் இப்படிப் புடைத்திருக்கிறது. வரும்போதே கவனித்தேன், அவசரத்தில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடடா. ரப்பர் குழாயெல்லாம் என் பையில் இருக்கிறது. எல்லாமே இருக்கிறது. ரிலேக்கு முன்னால் தோளைச் சூடு பண்ண ஒன்றுகூட அங்கே இல்லை. முப்பிடாதிக்கு வலது தோள் கொஞ்சம் தகராறு, நான் மறுமுனையைப் பிடித்து இழுக்கவைத்துத்தான் இறக்குவேன். வேறு ஏதாவது டீமில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். வாங்கிக்கொள்ள மாட்டார்களா? எப்படி வாங்குவார்கள், எதிரி டீமிடம்.

அடியில் ஏதோ இருக்கிறது. இது என்னது இது, என்னுடையது இல்லை. பிடியுங்கள் ஒரு முனையை.

லைஃப் ஜாக்கெட். படகில் போடுவார்களே, அது. எந்தப் பிள்ளையோ பை மாற்றி வைத்துவிட்டது. ஆனால் எங்கள் பிள்ளைகளில் யாருக்கு இது? எல்லாம் மீன் மாதிரி நீந்துகிற பிள்ளைகள். இவ்வளவு பெரிதாக வேறு இருக்கிறது. இதற்குள் ஹெப்சிபா மாதிரி மூன்று பேர் போகலாம். ரயில்வே டீம்காரர்கள் யாராவது... இல்லை, இரண்டு பக்கமும் வாரை வெட்டி ஒட்டுத்துணி வைத்துத் தைத்திருக்கிறது பாருங்கள். பத்தாமல் நீட்டியிருக்கிறார்கள். பச்சைத் துணி. எங்கள் ஜெர்சித் துணி இது. என் ஜெர்சியை வெட்டி...

என்ன சொல்கிறீர்கள்?

இல்லை, ஹெப்சிபாவின் அம்மா தையல்காரர்தான். டேப் பத்தவில்லை, ஆமாம், நான்தான் சொன்னேன்.

எனக்கா?

அண்ணாச்சி, அப்படியென்றால் அந்தச் சுளுக்கு.

இருங்கள், இந்தத் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன்.

ரப்பர் பாய் போட்டது. டீ. அந்த வளையத்தை நான் எத்தனை தடவை எடுத்து மாட்டச் சொல்லித் திட்டியிருப்பேன். அன்சாரி சிரிக்கவே இல்லையே அன்றைக்கு. மூஞ்சி, மூஞ்சி என்று அந்தக் குட்டி கத்தினது, மூஞ்சியில் தண்ணீர் படக்கூடாது என்றா? நாலு பேர் குதித்தது. கழுத்துக்குக் கீழே கை கொடுத்தது. இருட்டுகிறவரைக்கும்.

என் சித்தப்பா கேட்காமல் போட்டார். இவர்கள் ஒரு மாதம் பழகியிருக்கிறார்கள்.

செல்லைப் போடுகிறேன். கொஞ்சம் இந்தக் குழாயைப் பிடித்துக்கொள்ளுங்கள். மணி அடிக்கிறது. ஹலோ, மேடம். ஆமா மேடம். இல்ல மேடம், ஒண்ணும் ஆகல. பேட்டரி... பேட்டரி கிடைக்கல, தேடிக்கிட்டே வந்ததுல விருதுநகர் வந்துட்டேன். ஆமா, விருதுநகர். திட்டுங்க மேடம், அப்புறம் திட்டுங்க, முப்பிடாதிகிட்ட குடுங்க. ஏட்டி, தோளு எப்படி இருக்கு? பொய் சொல்லாத. குளுந்து கிடக்கும், அப்படியே இறங்கிராத. ரப்பரு எங்கிட்ட மாட்டிக்கிட்டு. துண்ட ரெண்டா முறுக்கு, அன்சாரிய மறுமுனையப் பிடிக்கச் சொல்லு. முழங்கை விலாவோட. மெதுவா. நான் வாறவரைக்கும் அதையே செய். வந்திருவேன். இப்ப மணி ரெண்டுதான், நாலரைக்குள்ள வந்திருவேன். என்னது? பையா?

ம். தொறந்தேன்.

சரி. சரிட்டி. வை.

சிரிக்காதீர்கள் அண்ணாச்சி, கண்ணில் தூசி ஒன்றும் இல்லை, வியர்வை. அந்தப் பக்கம் மதுரைக்கு வண்டி நிற்கிறதா பாருங்கள். அதில் ஏறிவிட்டால் போய்விடலாம். இந்த ஜாக்கெட்டைத் திரும்ப உள்ளே வைத்தால் பை மூடமாட்டேன் என்கிறது. எப்படித்தான் திணித்தார்களோ. போகட்டும், போட்டுக்கொண்டே இறங்குகிறேன். பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். அது அப்படியேதான் இருக்கிறது. திரும்பிப் போகும்போதும் அந்தக் கண்மாய் வரும், ஜன்னலோரம்தான் இடம் கிடைக்கும் என்றால் அதையும் பார்த்துக்கொண்டுதான் போகவேண்டும். இரண்டு ஆள் ஆழம் இரண்டு ஆள் ஆழம்தான், குறைந்துவிடவில்லை. ஆனால் அந்தத் தோள் சூடாகாமல் இறங்கிவிடுவாளோ, ஒரு கை நீளத்தில் இந்த வருஷமும் போய்விடுமோ, அதுதான் இப்போது பெரிதாகப் பயமாக இருக்கிறது.

கண்டக்டர், ஆள் இறங்குது, கொஞ்சம் பொறுங்க.

உங்கள் ஃபேனை மறந்துவிடாதீர்கள், மேலே இருக்கிறது. இந்தப் பக்கத்து கிளிப் எனக்கு எட்டவில்லை அண்ணாச்சி. கொஞ்சம் மாட்டிவிடுங்கள். மாட்டிவிட்டீர்களா? வாரைப் பிடித்து இழுங்கள். பயப்படாமல் இழுங்கள், கனமான ஆள்தான், ஒன்றும் ஆகாது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் இறுக்கமாக.